ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்தால் நாட்பட்ட லைம் நோயா?

கேட்டவர் நியூ ஜெர்சியில் ஹன்டர்டன் கவுன்டியில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண், வயது 38. கேள்வியின் சாரம் இது: 14 மாதமாகத் தீராத அசதி. இன்றைக்கு முழங்கை, நாளைக்கு இடுப்பு என்று மாறி மாறி வலி. வாய் வரை வந்த சொல் மறந்துபோகிறது. எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்கின மாதிரியே இல்லை. வீட்டுக்குப் பின்னால் காடு, மான்கள் வந்து போகும். உண்ணி கடித்ததாக நினைவில்லை. குடும்ப டாக்டர் எடுத்த லைம் (உண்ணிக் கடியால் வரும் பாக்டீரியா நோய்) சோதனையில் ஐஜிஎம் (கிருமியை எதிர்த்து உடல் முதலில் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ், ஐஜிஜி (பிறகு உண்டாக்கும் எதிர்ப்பொருள்) நெகட்டிவ். "லைம் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதே ரிப்போர்ட்டைப் பார்த்த ஒரு தனியார் கிளினிக், "இது நாட்பட்ட லைம், ஆறு மாதம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும், இன்சூரன்ஸ் கொடுக்காது" என்கிறது. ஊரில் இருக்கும் அம்மா, "உண்ணிக் காய்ச்சல்தானே, இங்கே வா, ஒரு வாரத்தில் சரியாகிவிடும்" என்கிறார். யாரை நம்புவது? ஏழு வயது மகனுக்கும் சோதனை எடுக்கலாமா?

நான் மருத்துவர் இல்லை. கனெக்டிகட்டில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில், நுண்ணுயிரியல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள். உங்கள் கையில் இருக்கிற மாதிரியான ரிப்போர்ட்டுகளை எண்ணிக்கையில்லாமல் படித்திருக்கிறேன். அதனால் அந்தத் தாளில் இருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் ரத்தத்தைச் சோதித்த வெஸ்டர்ன் பிளாட் என்பது விரல் அகலம்கூட இல்லாத ஒரு வெள்ளைப் பட்டை. லைம் கிருமியான பொரேலியா பர்க்டோர்ஃபெரியின் புரதங்கள் அதில் எடை வாரியாக மேலிருந்து கீழே பதிந்திருக்கும். உங்கள் ரத்தத்தில் அந்தப் புரதங்களுக்கு எதிர்ப்பொருள் இருந்தால் அந்தந்த இடத்தில் ஒரு கோடு எழும். எத்தனை கோடு வந்தால் பாசிட்டிவ் என்பதை 1994-ல் மிச்சிகன் மாநிலத்து டியர்பார்னில் கூடி முடிவு செய்தார்கள். ஐஜிஎம் என்றால் மூன்றில் இரண்டு. ஐஜிஜி என்றால் பத்தில் ஐந்து. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஐஜிஎம் பாசிட்டிவ் ஆவது ரொம்ப எளிது.

அந்த மூன்று கோடுகளில் ஒன்று 41 என்று எண் போட்டிருக்கும். கிருமி நீந்துவதற்கு உதவும் சாட்டை போன்ற உறுப்பின் புரதம் அது. அதைப் போன்ற புரதம் வேறு பல பாக்டீரியாக்களிலும் உண்டு. நம் பல் இடுக்கில் வாழும் சுருள் கிருமிகளிலும் உண்டு. லைம் நோயே இல்லாத பலருக்கும் 41 வரும். அது ஏற்கெனவே வந்துவிட்டால், மற்ற இரண்டான 23-லோ 39-லோ மங்கலாக ஒரு கோடு தெரிந்தால் போதும், ஐஜிஎம் பாசிட்டிவ். மங்கலான கோட்டை ஒருவர் "இருக்கிறது" என்பார், பக்கத்தில் இருப்பவர் "எனக்குத் தெரியவில்லை" என்பார். எங்கள் ஆய்வகத்தில் இது வாரம் தவறாமல் நடக்கும்.

இதனால்தான் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: நோய் தொடங்கி முதல் 30 நாளுக்குள் எடுத்த ரத்தம் என்றால் மட்டுமே ஐஜிஎம்மைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஐஜிஜி வந்திருக்க வேண்டும். லைம் கிருமி உடலில் இருந்து, மருந்தும் எடுக்காமல் இருந்தால், ஆறு எட்டு வாரத்தில் ஐஜிஜி எழுந்துவிடும். பல மாதம் கழித்து முழங்கால் வீங்கி வருகிற லைம் மூட்டுவாதக்காரர்களின் பட்டையைப் பார்த்தால் ஏணி மாதிரி மேலிருந்து கீழ்வரை கோடாக இருக்கும். சந்தேகத்துக்கே இடமிருக்காது. உங்களுக்கு 14 மாதம் ஆகிறது, ஐஜிஜியில் ஒன்றும் இல்லை. இந்த நிலையில் அந்த ஐஜிஎம் பொய் பாசிட்டிவாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். உங்கள் குடும்ப டாக்டர் படித்தது சரி. அதை உங்களுக்கு உட்கார்ந்து விளக்காமல் அனுப்பியதுதான் தவறு.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள். உடம்பு கெட்ட அந்த முதல் சில வாரங்களில் சைனஸுக்கோ தொண்டைக்கோ டாக்சிசைக்ளின், அமாக்சிசிலின் போன்ற ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா? ரொம்ப ஆரம்பத்திலேயே மருந்து உள்ளே போனால் எதிர்ப்பொருள் முழுதாக உருவாகாமல் போகலாம். அப்படி இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

"லைம் சோதனையை நம்பவே முடியாது" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதில் பாதி உண்மை. கடிபட்டு முதல் ஓரிரு வாரத்தில், தோலில் தடிப்பு இருக்கும்போதே ரத்தம் எடுத்தால், உண்மையாகவே நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நெகட்டிவ் என்றுதான் வரும். எதிர்ப்பொருள் உருவாக நேரம் வேண்டுமே. அதனால் அந்தக் கட்டத்தில் தடிப்பைக் கண்ணால் பார்த்தே மருந்து கொடுக்க வேண்டும், சோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. ஆனால் மாதக்கணக்கில் ஆன நோய்க்கு இதே சோதனை மிக நன்றாக வேலை செய்யும். ஆரம்ப கட்டத்துக் குறையைத் தூக்கி வந்து 14 மாத நோய்க்குப் பொருத்துவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

அந்தத் தடிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஆட்களுக்கு இது முக்கியம். புத்தகங்களிலும் கிளினிக் சுவர்களிலும் இருக்கிற படம் எல்லாம் வெள்ளைத் தோலில் சிவப்பு வட்டம், நடுவில் வெளுப்பு, வில்வித்தைக்கு வைக்கிற இலக்குப் பலகை மாதிரி. அமெரிக்காவில் பெரும்பாலோருக்கு அந்த மாதிரி வளையமே வருவதில்லை, முழுக்க ஒரே நிறத்தில் பரவுகிற தடிப்புதான் வரும். நம் மாநிறத்தில், கறுப்பில், அது சிவப்பாகவே தெரியாது. அடிபட்டுக் கன்றிப்போன மாதிரி ஊதாவாகவோ, சுற்றியுள்ள தோலைவிடக் கருமையாகவோ தெரியலாம். அரிப்போ வலியோ பெரிதாக இருக்காது. கடித்து 3 முதல் 30 நாளுக்குள் வரும், நாளுக்கு நாள் அகலமாகும், அஞ்சு சென்டிமீட்டரைத் தாண்டும். அக்குள், இடுப்பு மடிப்பு, முழங்காலின் பின்பக்கம் மாதிரி நம் கண்ணுக்கு எட்டாத இடங்களில்தான் அதிகம். என் கணவருக்கு முழங்காலின் பின்னால் வந்தபோது அவசர கிளினிக்கில் சிலந்திக் கடி என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள். பேனாவால் ஓரத்தைக் கோடு போட்டுவைத்து, இரண்டு நாளில் கோட்டைத் தாண்டிப் போனதைப் படம் எடுத்துக் காட்டின பிறகுதான் டாக்சிசைக்ளின் எழுதினார்கள். பத்து நாள் மருந்து, முடிந்தது. உங்கள் போனில் அந்தக் கோடைக்காலத்துப் படங்களை ஒருமுறை தேடிப் பாருங்கள். எங்காவது ஒரு "காயம்" தெரிகிறதா என்று.

அம்மா சொன்னதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், அந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்பது ஸ்க்ரப் டைபஸ். அதைப் பரப்புவது புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரிக் கறுப்புப் பொருக்கு இருக்கலாம், கடும் காய்ச்சல் அடிக்கும். கிருமியும் வேறு, நோயின் போக்கும் வேறு. இரண்டுக்கும் டாக்சிசைக்ளின் கேட்கும் என்பது ஒன்றுதான் ஒற்றுமை. இதற்காக ஊருக்கு டிக்கெட் போட வேண்டாம்.

சரி, "நாட்பட்ட லைம்" என்ற சொல்லுக்கு வருவோம். இந்த ஒரே பெயரை வைத்து மூன்று வெவ்வேறு ஆட்களைப் பற்றிப் பேசுகிறார்கள், சண்டை அங்கேதான் தொடங்குகிறது. ஒருவருக்கு உண்மையிலேயே சிகிச்சை பெறாத லைம் இருக்கிறது. மாதங்கள் கழித்து முழங்கால் வீங்குகிறது, அல்லது நரம்பு பாதிக்கிறது. ஐஜிஜி பளிச்சென்று இருக்கும், ஆன்டிபயாடிக்கால் பெரும்பாலும் குணமாகும். இன்னொருவருக்கு லைம் வந்தது உறுதி, மருந்தும் சரியாக எடுத்தார், ஆனாலும் ஆறு மாதம் தாண்டியும் அசதி, வலி, மூளை மந்தம் விடவில்லை. இப்படிப்பட்டவர்கள் சிகிச்சை பெற்றவர்களில் 5 முதல் 10 சதவீதம் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்கிறது. இது கற்பனை இல்லை. அமெரிக்காவின் தேசிய அகாதமிகள் 2025-ல் இதற்கென்றே ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டு, சிகிச்சை ஆராய்ச்சியை முடுக்கிவிட வேண்டும் என்றன. மூன்றாமவருக்கு உங்களைப் போல எல்லாத் தொந்தரவும் இருக்கிறது, லைம் வந்ததற்கான ஆதாரம் மட்டும் இல்லை. அந்தக் கிளினிக் இந்த மூன்று பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே மருந்தை ஏற்றுகிறது.

அந்த மருந்து பலிக்குமா என்று சும்மா விட்டுவிடவில்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2001-ல் வெளிவந்த ஆய்வில் 30 நாள் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் நரம்பு வழியாக, பிறகு 60 நாள் டாக்சிசைக்ளின். வெற்று மருந்து (மருந்துச் சத்து இல்லாத போலி மருந்து) எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று தெரிந்ததும் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2016-ல் நெதர்லாந்தில் 280 பேரை வைத்து, கூடுதலாக 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் பலன் இல்லை. நடுவில் 2003-ல் ஒரு சிறிய ஆய்வில் அசதி ஓரளவு குறைந்தது, ஆனால் யோசிக்கும் திறனில் மாற்றமில்லை. இவர்கள் எல்லாம் லைம் சிகிச்சை பெற்ற பிறகும் தொந்தரவு தொடர்ந்தவர்கள், அல்லது ரத்தத்தில் ஆதாரம் உள்ளவர்கள். அவர்களுக்கே இந்த நிலை என்றால், ஆதாரமே இல்லாத உங்களுக்கு ஆறு மாதம் ஏற்றுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

"எனக்கு அந்த மருந்தில்தான் சரியானது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த ஆய்வுகளில் வெற்று மருந்து எடுத்தவர்களிலும் கணிசமானவர்கள் தேறினார்கள். டாக்சிசைக்ளினுக்கு வீக்கத்தைக் குறைக்கும் குணமும் உண்டு, லைம் அல்லாத மூட்டு வலிகூட அதில் கொஞ்ச நாள் தணியலாம்.

ஆபத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். கையில் வாரக்கணக்கில் குழாய் இருந்தால் அது கிருமிகள் நேரே ரத்தத்துக்குள் போகும் வாசல். 2017-ல் சிடிசி ஐந்து நோயாளிகளின் கதையை வெளியிட்டது, ஐந்து பேரும் நாட்பட்ட லைம் என்று சிகிச்சை எடுத்தவர்கள். அசதிக்கும் மூட்டு வலிக்கும் போன, உங்கள் வயதுப் பெண் ஒருவர் ரத்தத்தில் கிருமி பரவி உடல் நிலைகுலையும் செப்டிக் ஷாக்கில் இறந்தார். செஃப்ட்ரையாக்சோன் பித்தப்பையில் படிந்து கல் உண்டாக்கலாம். 1990 முதல் 1992 வரை உங்கள் நியூ ஜெர்சியிலேயே லைம் என்ற சந்தேகத்தின் பேரில் இந்த மருந்து எடுத்துப் பித்தப்பைக் கோளாறில் மாட்டியவர்களைப் பற்றி சிடிசி எழுதியிருக்கிறது. அந்தக் கிளினிக்கில் கையெழுத்துப் போடாதீர்கள். அங்கே சிறுநீரில் லைம் சோதனை, சிடி57 என்ற ரத்த அணு எண்ணிக்கை, ரத்தத் துளியை மைக்ராஸ்கோப்பில் காட்டி "பாருங்கள் கிருமி நெளிகிறது" என்பது, தங்களுக்கென்று தனி அளவுகோல் வைத்து பிளாட்டைப் படிப்பது, இதில் எதைச் சொன்னாலும் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். எதுவும் நிரூபிக்கப்பட்ட முறை இல்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. லைம் நோய் கண்டுபிடிக்கப்பட்ட கதையே ஒரு தாய் எழுதிவைத்த குறிப்பிலிருந்து வந்தது. கனெக்டிகட்டின் லைம் ஊரில் பாலி மர்ரே என்ற பெண்ணின் வீட்டில் ஆள் மாற்றி ஆள் மூட்டு வீங்கிப் படுத்தார்கள். டாக்டர்கள் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் யாருக்கு, எப்போது, என்ன என்று எழுதிக்கொண்டே வந்து 1975-ல் அதிகாரிகளிடம் கொண்டுபோனார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் விசாரிக்க வந்தார். 1981-ல் வில்லி பர்க்டோர்ஃபர் உண்ணியின் வயிற்றில் அந்தச் சுருள் கிருமியைக் கண்டார். அதனால் சொல்கிறேன், ஒரு நோட்டு போடுங்கள். எந்த மாதம் தொடங்கியது, அதற்கு முன் காய்ச்சலோ கோவிடோ வந்ததா, அந்தக் கோடையில் எங்கெல்லாம் போனீர்கள், வலி மட்டுமா அல்லது மூட்டு கண்ணுக்குத் தெரிய வீங்குகிறதா, காலையில் விறைப்பு எவ்வளவு நேரம், ஒருநாள் ஓடியாடி வேலை செய்தால் மறுநாள் படுக்க வைக்கிறதா, குறட்டை உண்டா, மாதவிடாய் எப்படி, எடை குறைகிறதா. ஒரு பக்கத்துக்குள் சுருக்கிக் கொண்டுபோங்கள். டாக்டர் ஓரிரு நிமிடத்தில் படிக்க முடிவதாக இருக்க வேண்டும்.

உள்ளே போனதும் "எனக்கு லைம் இருக்கிறதா" என்று தொடங்காதீர்கள், அந்தக் கேள்விக்கு "இல்லை" என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். ஏற்கெனவே உங்களுக்கு அதுதான் நடந்தது. "14 மாதமாக என்னால் வேலை செய்ய முடியவில்லை, இது என்னவென்று கண்டுபிடிக்க உதவுங்கள்" என்று கேளுங்கள். மனசு சமாதானம் ஆகவில்லை என்றால் வழக்கமான லைம் சோதனையை ஒரே ஒருமுறை திரும்ப எடுக்கச் சொல்லலாம். இப்போதும் ஐஜிஜி வரவில்லை என்றால் அந்தக் கதவை நிம்மதியாக மூடுங்கள். விட்டு விட்டுக் காய்ச்சலும் வியர்வையும் ரத்தசோகையும் இருந்தால் மட்டும், அதே உண்ணி பரப்பும் பபேசியா என்ற ரத்தக் கிருமிக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு மற்றவற்றைத் தேட வேண்டும். லைம் என்று சந்தேகப்பட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர்களிடம் அனுப்பப்பட்ட 1,200-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்ததில், 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அப்போது லைம் நோய் இருந்ததற்கான ஆதாரம் இல்லை. பலருக்கு வேறு பெயருள்ள, வேறு சிகிச்சை உள்ள நோய்கள் இருந்தன. நம் பெண்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது தைராய்டு, இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி. நீங்கள் சைவம் என்றால் பி12 குறைவு மறதி, அசதி, கை கால் மதமதப்பு எல்லாவற்றையும் கொண்டுவரும். சர்க்கரை, ரத்த எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம் எப்படியும் எடுப்பார்கள். மூட்டு நிஜமாகவே வீங்குகிறது என்றால் மூட்டு நோய் நிபுணரான ருமட்டாலஜிஸ்டிடம் போய் முடக்குவாதம், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) பார்க்க வேண்டும். தூங்கியும் களைப்பு என்றீர்களே, அதற்குத் தூக்கத்தில் மூச்சு நின்று போகிறதா என்ற சோதனை கட்டாயம். குண்டாக இருந்தால்தான் அது வரும் என்று நினைக்க வேண்டாம். கோவிடுக்குப் பிறகு தொடங்கியது என்றால் நீண்டகால கோவிட். எல்லாம் சரியாக இருந்தும், சிறு உழைப்புக்கு மறுநாள் சாய்ந்துவிடுகிறீர்கள் என்றால் மயால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ் என்ற நாட்பட்ட களைப்பு நோயா என்று கேளுங்கள். அதில் உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டச் சொல்வது கெடுதல் செய்யும், அதனால் பெயர் தெரிவது முக்கியம். மனச்சோர்வைப் பற்றி டாக்டர் கேட்டால் அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் உடம்பு முடியாமல் இருந்தால் யாருக்கும் மனசு தளரும், அதற்கும் சிகிச்சை எடுக்கலாம். ஆனால் மற்ற சோதனைகள் ஒன்றுமே செய்யாமல் அதை மட்டும் சொல்லி அனுப்பினால் டாக்டரை மாற்றுங்கள்.

மகனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றால் ரத்தம் எடுக்க வேண்டாம். உங்களுக்கு நடந்த அதே பொய் பாசிட்டிவ் குழப்பம் அவனுக்கும் வரும். மே முதல் ஜூலை வரை உண்ணிக் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும், அந்த மாதங்களில் தோட்டத்திலிருந்து வந்ததும் குளிக்க வைத்து, தலைமுடி ஓரம், காதுக்குப் பின்னால், தொப்புள், இடுப்பு, முழங்காலின் பின்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். போட்டிருந்த துணியை டிரையரில் அதிக சூட்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம், கூரான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். உண்ணியைப் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை டாக்டரைக் கூப்பிடுங்கள். ஒன்றரை நாளுக்கு மேல் ஒட்டியிருந்த மான் உண்ணி என்றால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் எடைக்கு ஏற்ற ஒரே ஒரு வேளை டாக்சிசைக்ளின் கொடுப்பார்.